மடித்து வைத்த வருடம்

வேலைக்கு வந்த விண்ணப்பம் எதுவானாலும் அன்புக்கரசி அதைத் தாளில் அச்செடுத்துக்கொள்வார். படிப்பு முடித்த வருடம் போட்டிருக்கும் கடைசிப் பகுதியைப் பின்பக்கமாக மடித்து, நகத்தால் அழுத்தி நீவுவார். அதற்குப் பிறகுதான் மேலிருந்து படிக்கத் தொடங்குவார். கணினியிலேயே ஒரு சொடுக்கில் மறைத்துவிடலாமே என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். "கையால மடிச்சாத்தான் எனக்கே ஞாபகம் இருக்கும்" என்பார். "எத்தினி வருசம்னு பாக்காத. அந்த வருசத்துல இன்னா பண்ணாங்கன்னு எழுதிகீதா, அதப் பாரு."

அடையாறு காந்தி நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவர் வேலை பார்க்கும் நிறுவனம். பள்ளி வேன் தெருமுனைக்கு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே பெற்றோரின் செல்பேசிக்குத் தகவல் அனுப்பும் மென்பொருளை எழுதுகிறார்கள். மொத்தம் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் முப்பதைத் தொடாதவர்கள். அன்புக்கரசிக்கு ஐம்பத்திரண்டு. முதல் நாள் ஒரு பெண் வாய்தவறி 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அன்புன்னே கூப்டு. மத்ததுக்கெல்லாம் வூட்ல ஆளு கீது" என்றார் அவர்.

வாடிக்கையாளர்களோடு பேசும்போது அவருடைய ஆங்கிலம் கத்தரித்த மாதிரி இருக்கும். ஆனால் நிரலில் பிழை தேட உட்கார்ந்தால் பிறந்து வளர்ந்த சைதாப்பேட்டை தானாக வாயில் வந்துவிடும். திரையில் ஓடும் வரிகளைப் பார்த்து, "நீ எங்கடா போய்க்கினு கீற, இங்க வா" என்று முணுமுணுப்பார். ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீட்டை இடித்து, அம்மாவையும் தங்கையையும் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாலிடெக்னிக்கில் படித்து, ஒரே நிறுவனத்தில் இருபத்து நான்கு வருடம் நிரல் எழுதியவரை, நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதன்பிறகு பத்தொன்பது மாதத்தில் இருபத்தேழு நேர்காணல்கள். தியாகராய நகரில் ஓரிடத்தில், வரவேற்பில் இருந்தவர் மரியாதையாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, உள்ளே போயிருப்பது மகனா மகளா என்று விசாரித்தார். "நான்தாம்பா வந்துகீறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை முழுதாகக் குடித்தார் அன்புக்கரசி. எல்லா இடத்திலும் சிரித்த முகமாகத்தான் அனுப்பினார்கள். ஏன் வேண்டாம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

இருபத்தெட்டாவது இடம் இது. நிறுவனர் ஷ்ரவண், மயிலாப்பூர்க்காரர், வயது இருபத்தெட்டு. கடைசியாக என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். அன்புக்கரசி மடிக்கணினியைத் திறந்து, அந்த வாரம் எழுதிப் பார்த்த நிரலைக் காட்டினார். இரண்டு கேள்விகளுக்குத் தெரியாது என்றார். அடுத்த வாரமே வேலைக்கு வந்துவிட்டார். ஆறு மாதத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அவர் வந்தபின் நேர்காணலில் விடுகதை மாதிரியான கேள்விகள் ஒழிந்தன. நிஜமாகவே பழுதான ஒரு நிரல், ஒரு மணி நேரம், இணையத்தில் எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் போன வருடம் நல்லசிவம் வந்தார். கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர், கே.கே. நகரில் வீடு, நாற்பத்தெட்டு வயது. அன்புக்கரசியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "உங்களப் பாத்ததும் ஒரு தெம்பு வந்துட்டு மேடம்" என்றார்.

அவருக்குக் கொடுத்த பழுது இது: ஒரே தெருவுக்கு வரும் இரண்டு வேன்களின் தகவல்கள் வீடு மாறிப் போகின்றன. அதைச் சரிசெய்ய வேண்டும். நல்லசிவம் தான் நடத்திய குழுக்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். விசைப்பலகையில் கை வைத்ததும் தடுமாறினார். பத்து வருடமாக அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார். நிரல் எழுதியவர்கள் வேறு ஆட்கள். மணி ஆனபோது பழுது அப்படியே இருந்தது.

ஆனாலும் ஷ்ரவணுக்கு அவரை எடுத்துக்கொள்ள ஆசை. அன்புக்கரசி வந்த பிறகுதான் இந்த அலுவலகத்துக்கே ஒரு நிதானம் வந்தது, இவரும் அதே மாதிரி ஆள்தானே என்றார். எல்லோரும் அன்புக்கரசியையே பார்த்தார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனிதர் கிளம்பும்போது சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது இன்னும் அவர் கண்ணில் நின்றது. அன்புக்கரசியும் இருபத்தேழு முறை அப்படி எழுந்து வந்தவர்.

"என்ன மாதிரின்னு எடுக்காத ஷ்ரவண்" என்றார். "என்ன வேணாம்னவங்களும் மூஞ்சதான் பாத்தாங்க. இந்த வேல அவரால இன்னிக்கு முடியல. அவ்ளோதான்."

மின்னஞ்சல் அனுப்பிவிடலாம் என்று ஷ்ரவண் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. மாடிப்படியில் நின்றுகொண்டு தானே நல்லசிவத்தைச் செல்பேசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

"வயசுதான் காரணம்னா நேரடியாச் சொல்லிருங்க மேடம். கேட்டுப் பழகிட்டு" என்றார் நல்லசிவம்.

"வயசு இல்ல சார். பத்து வருசமா நீங்க எழுதவே இல்ல. அதான் காரணம்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அன்று கொண்டுவந்திருந்த எலுமிச்சை சாதத்தை அன்புக்கரசி திறக்கவே இல்லை.

எட்டாம் நாள் நல்லசிவமே கூப்பிட்டார். சமாதானமாக ஒன்றும் பேசவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எந்த இடத்தில் தவறினேன் என்று மட்டும் கேட்டார். அன்புக்கரசி சொன்னார். சிபாரிசு நல்லசிவம் கேட்கவும் இல்லை, அன்புக்கரசி வாக்குக் கொடுக்கவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்து விண்ணப்பங்களுக்கு நடுவே அதே பெயர் மறுபடி வந்தது. இந்தமுறை நேர்காணலில் தான் உட்காரப் போவதில்லை என்று அன்புக்கரசி சொல்லிவிட்டார். ஷ்ரவணுக்குப் புரியவில்லை. "அவரு வரணும்னு எனக்கு ஆச கீது. ஆச கீறவ உள்ள ஒக்காரக்கூடாது" என்றார்.

நேர்காணல் நடந்த அந்த ஒரு மணி நேரமும் எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றார். வாங்கிய டீ ஆடை கட்டிப்போனது. நல்லசிவம் படியிறங்கிப் பேருந்து நிறுத்தம் பக்கம் நடந்தார். நடையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னாலேயே ஷ்ரவண் வந்தார்.

ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டாராம். முடித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்டாராம்: வேன் வந்துவிட்டது என்று சொல்கிறீர்கள், பிள்ளை உள்ளே இருக்கிறதா என்று சொல்கிறீர்களா? இதை நாம் யோசிக்கவே இல்லையே என்று ஷ்ரவண் சிரித்தார். "திங்கக்கிழமை சேர்றார், அன்பு."

அன்புக்கரசி மேலே ஏறிப் போனார். அவருக்கு எதிர்மேசையில், வேன்களில் பொருத்துவதற்கு வந்திருந்த கருவிகளின் அட்டைப்பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். பிறகு துப்பட்டா நுனியால் அந்த மேசையைத் துடைத்தார்.