பினாங்கில் அவருக்கு வீடு உண்டு

என் புருஷனுக்குச் செங்கல்பட்டுதான் வெளிநாடு. இது நான் சொன்னதல்ல, மலாயாவின் சட்டம் சொன்னது. பதினாலு வயதில் கப்பலேறிப் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்ததால் அந்த ஊரின் நிரந்தரவாசி என்று பேரைப் பதிந்து கையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். பிறந்தது செங்கல்பட்டுப் பக்கத்துப் புதுப்பட்டினம், பெற்றவள் இருப்பது புதுப்பட்டினம், கட்டியவள் இருப்பதும் புதுப்பட்டினம். ஆனாலும் காகிதப்படி அவர் இங்கே வந்து தங்கியிருக்கும் ஆள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐம்பதுகளின் நடுவில் மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையாகிவிட்டார். மாமி என்றால் அவருடைய அம்மா, என்னைப் பெற்ற அத்தாவின் அக்கா. தகவல் போனதும் மச்சான் ஆறு மாதத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தார். எங்களில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஆறு மாதம் மூன்று வருடமாக நீண்டது. சும்மா இருக்க முடியுமா? செங்கல்பட்டு பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றார். வியாழக்கிழமை மாலை பஸ்ஸில் வருவார், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு சனிக்கிழமை காலையில் போவார். கல்யாணமான நாளிலிருந்து அத்தனை வியாழக்கிழமைகள் எனக்குச் சேர்ந்தாற்போல் கிடைத்ததே இல்லை. வியாழக்கிழமை என்றால் பஸ் சத்தத்துக்கே காது வைத்துக்கொண்டிருப்பேன், வெட்கமென்ன.

இதற்கு நடுவில்தான் பர்மிட்டு என்ற பிசாசு. மலாயாவை விட்டு வந்தவர்கள் திரும்பி நுழைவதற்கு ஒரு சீட்டு வேண்டும், அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் இருபது வருடமும் போச்சு, புது ஆள் மாதிரிகூட உள்ளே விடமாட்டார்கள். ஆகவே வருடத்துக்கு ஒரு தரம், தாயாரைப் பார்க்கச் சிலகாலம் வெளியே இருக்கிறேன், என் வாசம் பினாங்கில்தான் என்று எழுதிப் போட்டு நீட்டிப்பு வாங்கவேண்டும். கூடவே அத்தாட்சி. கடைக்கு மேல் இருந்த அறையில் ஆறு பேர் படுப்பார்கள். அவர்களில் ஒருவர், 'இன்னாருடைய தகரப்பெட்டியும் பாயும் தலையணையும் இங்கேயே இருக்கின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். மனுஷன் இங்கே இருக்க, தலையணை அங்கே குடியிருந்தது.

முதல் இரண்டு வருடம் நான் சண்டை போட்டேன். "அந்தச் சீட்டக் கிழிச்சிப் போடுங்க மச்சான், உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்பேன். "இருக்கட்டும் புள்ள, வுட்டா திரும்பக் கெடைக்காது" என்பார். படுக்கையில் கிடந்தபடியே மாமியும், "பர்மிட்ட மட்டும் வுட்றாதடா" என்பார். மூன்றாம் வருடம் நான் வாயை மூடிக்கொண்டேன். காரணம் இருந்தது. செங்கல்பட்டுக் கடை முதலாளி இவரைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் ஆட்கள் முன்னால், "யோவ் பினாங்கு, அந்தத் துணி பேலை எறக்கு" என்று விரட்டுவாராம். பினாங்கில் நூறு பேர் கேட்டு வாங்கும் கவுண்டரில் நின்றவர். சிரித்துக்கொண்டே ஒருநாள் இதைச் சொன்னார், சிரிப்பு கண்வரைக்கும் வரவில்லை. அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன், இந்த மனுஷனுக்குக் குறுக்கே நிற்பதில்லை என்று. தீர்மானித்ததை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, அழுதுவிடுவேனே.

அந்த வருடம் தபாலில் நீட்டிப்பு வரவில்லை. நேரில் விசாரிக்க வேண்டும், மனைவியையும் அழைத்துக்கொண்டு மலாயா சர்க்காரின் சென்னை ஆபீசுக்கு வரவும் என்று கடிதம் வந்தது. செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே மனு எழுதுகிற ரைட்டர் அவருக்குப் பாடம் நடத்தினார். "வூடு எங்கன்னு கேட்டா பினாங்குன்னு சொல்லு. இங்க இன்னாத்துக்கு வந்தேன்னா தாயப் பாக்க. எப்ப போவேன்னா அடுத்த கப்பல்ல. இத்தத் தவிர ஒரு வார்த்த பேசாத அண்ணாத்த." மச்சான் மூன்று பதிலையும் ரயிலில் எழும்பூர் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆபீசில் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அரைக்கதவுதான், பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது. விசாரித்தவர் ஒரு வெள்ளைக்கார துரை. மலாயாத் தோட்டங்களில் வேலை பார்த்துத் தமிழ் கற்றவராம். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்துப் பேசினார். மரியாதையான மனிதர், ஆரம்பத்திலேயே கேட்டார்: "வீட்டில் சௌக்கியமா?"

வீட்டில் என்றால் எங்கள் பக்கத்தில் யார் என்று சொல்ல வேண்டுமா? பெண்டாட்டி பேரை எந்த ஆம்பிளை வாயால் சொல்வான்?

"சௌக்கியம் தொர. வெளியதான் பெஞ்சுல குந்திகினு கீறாங்க" என்றார் மச்சான்.

துரை கொஞ்சம் யோசித்தார் போல. "வீடு எந்த ஊர்?"

"புதுப்பட்டினம் தொர. எனக்கு மாமன் மவதான்."

பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. "அப்படியானால் பினாங்கில் உனக்கு வீடு இல்லையா?"

பினாங்குக்குப் போனவர்களில் சில பேர் அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொள்வது உண்டு, ஊரில் யாருக்கும் தெரியாத விஷயமில்லை. துரை அதைத்தான் துருவுகிறார் என்று இவர் நினைத்துவிட்டார் என எனக்குப் பட்டது. அவர் குரலே மாறிப்போயிற்று.

"சீச்சீ, அந்த மாதிரி ஆளு நான் இல்ல தொர. அங்க எனக்கு வூடே கெடயாது. அல்லா மேல ஆணையாச் சொல்றேன், எனக்கு ஒரே ஒரு வூடுதான். அது புதுப்பட்டினத்துலதான் கீது."

துப்பட்டிக்குள் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே கண்ணில் தண்ணீர் முட்டியது. பதினாறு வருடக் குடித்தனத்தில் அந்த மனுஷன் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. துரை எழுதிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாயாலேயே பினாங்கில் வீடில்லை என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டார். பர்மிட்டு முடிந்தது.

நான் செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். ஆயுசு முழுக்க வியாழக்கிழமைகள் எனக்குத்தான். கை இரண்டையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் அந்தத் துணிக்கடை என் கண்முன் வந்து நின்றது. "யோவ் பினாங்கு" என்று கூப்பிடும்போதெல்லாம் இவர் ஓடவேண்டும். நான் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்தது தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? எழுந்து அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பியூன் தடுக்கப் பார்த்தான், நான் நிற்கவில்லை.

"தொர, எங்க ஊர்ல வூடுன்னா பொண்டாட்டி. இவரு அதச் சொல்றாரு. நீங்க கேக்கறது குடியிருக்கற வூடு. அது இவருக்குப் பினாங்குலதான் கீது. பொட்டி அங்க, பாய் அங்க, வேல அங்க. இங்க நான் மட்டுந்தான் கீறேன்."

துரை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு எழுதினார். மூன்று மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தார். மச்சான் அதை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொல்லாமல் வெளியே வந்தார்.

படியிறங்கும்போது, "இன்னா மச்சான், நல்ல வேளைக்கு நான் வந்தேன், இல்லன்னா எல்லாம் பாழாப் போயிருக்கும்" என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவர் நின்றார். "எனக்குத் தமிழ் தெரியாதா, புள்ள?"

எனக்கு விளங்கவில்லை.

"மொத வாட்டி தெரியாமதான் சொன்னேன். பினாங்குல வூடு இல்லியான்னு கேட்டாரு பாரு, அப்பவே புரிஞ்சிபோச்சி. புரிஞ்சிதான் சத்தியம் பண்ணேன்."

நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "அத என்னாண்ட சொல்றதுக்கு இன்னா கேடு?"

"நீதான் ஒரு வருஷமா ஒண்ணுமே சொல்லலியே. போனாப் போவட்டும்னு நீ இருக்கறதா நெனச்சேன். நானா போவலன்னு சொன்னா அம்மா வாயிலயும் ஊர் வாயிலயும் வுழணும். தொர இல்லன்னுட்டா யாரு இன்னா சொல்லப்போறாங்க?"

"இப்பச் சொல்றேன், போவாதீங்க மச்சான்" என்றேன். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

முத்திரை குத்திய காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கைக்கு வந்த பர்மிட்ட வெச்சிகினு எப்பிடிப் போவாம இருக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த கப்பலில் போனார். திரும்பி அவர் முகத்தை நான் பார்க்க நாலு வருடமும் இரண்டு மாதமும் ஆயிற்று. மாமி மௌத்தாகி அடக்கம் செய்தபோதுகூட வரமுடியவில்லை. ஊர்ப் பெண்கள் என்னைப் பார்த்து, பாவம், புருஷன் பினாங்கில் கிடக்கிறான் என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும், அனுப்பி வைத்தவளே நான்தானே.