இணைச்சீருக்கு உட்கார்ந்தவள்

பருத்திச் சட்டையைச் சோற்றுக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து வெயிலில் போட்டால் லேசாகப் புளித்த ஒரு வாசனை வரும். நான் எட்டாவது படித்த வருசம், விடுமுறைக்கு விடுமுறை எங்கள் பெரியப்பா வீட்டுக் கொடியிலிருந்து அந்த வாசனை வந்துகொண்டிருந்தது. வெளிர் நீலத்தில் ஒரு சட்டை, அதற்குப் பக்கத்தில் கருநீலத்தில் ஒரு பேண்ட். பெரியப்பா மகள் கோகிலா அக்கா சேலத்தில் காலேஜ் படித்தாள், அஸ்தம்பட்டியில் ஆஸ்டல். காலேஜில் என்சிசி விமானப் பிரிவில் சேர்ந்திருந்தாள். ஊருக்கு வந்தால் அந்த உடுப்பைத் தானே துவைத்து, தானே கஞ்சி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிற்கும்வரை தேய்ப்பாள். அவளுக்கு மூத்தவரான செந்தில் அண்ணனுக்கு அந்த உடுப்பைக் கண்டாலே ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடியிலிருந்து அதை உருவி, வாழைக்குப் பாயும் வாய்க்காலில் போட்டார். "பொட்டப்புள்ளக்கி என்ன பேண்டு, ஊர்ல ஒறம்பரை சிரிக்கறதுக்கா" என்றார். அக்கா வாய்க்காலில் இறங்கி எடுத்தாள், மறுபடியும் கஞ்சி காய்ச்சினாள்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு, அதை விட்டால் போர் போடும் ரிக் வண்டி. செந்தில் அண்ணன் ரிக் வண்டியோடு வடநாடெல்லாம் போய் வந்தவர். என் அப்பாவும் பெரியப்பாவும் கூடப் பிறந்தவர்கள். வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் ஒற்றைப் பிள்ளை என்பதால் அண்ணன் என்றாலும் அக்கா என்றாலும் எனக்கு அந்த இருவர்தான். அண்ணன் என்மேல் பிரியமாகத்தான் இருப்பார், ரிக் வண்டி எந்த ஊருக்குப் போய்த் திரும்பினாலும் எனக்கு ஒரு ஜோடி வளையல் வரும். அந்தப் பிரியம் அக்காமேல் மட்டும் ஏன் இல்லாமல் போனது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒரு முகாமில் அக்காவை இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பி வந்து கொடிக்கால் ஓரத்தில் உட்கார்ந்து என்னிடம் மட்டும் சொன்னாள். கீழே வயலெல்லாம் கட்டம் கட்டமாக, பெரியம்மாவின் கண்டாங்கிச் சேலை மாதிரி இருந்ததாம். ஓட்டியவர் கொஞ்ச நேரம் பிடியை அவள் கையில் கொடுத்தாராம். "அதுக்கப்புறம் கீழ எறங்கவே மனசில்ல கண்ணு" என்றாள். போர் விமானம் ஓட்டப் பெண்களுக்கும் வழி திறந்திருந்த சமயம் அது. அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. எழுந்ததும் ஓடுவாள், ஊர் நாய்கள் பின்னாலேயே துரத்தும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "பெரிய கவுண்டர் ஊட்டு ஏரோபிளேன் கெளம்பிருச்சுடா" என்பார்கள். அது பெரியப்பா காதில் விழும். வீட்டுக்கு வந்து பெரியம்மாவைத் திட்டுவார்.

அக்காவுக்குக் காலேஜ் முடிந்த வருசம் அண்ணனுக்குக் கல்யாணம் கூடியது. மண்டபம் பேசி, பத்திரிகை வைத்து, ஒறம்பரை சொந்தத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்ட பிறகு அக்காவுக்கு விமானப்படைத் தேர்வுக்கு மைசூருக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. அங்கே நடக்கும் தேர்வு பல நாள் நடக்கும், நடுவில் எழுந்து வர முடியாது. விமானம் ஓட்டக் கை வருமா என்று பார்க்கும் ஒரு சோதனையும் அதில் உண்டு. அதை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம், தவறினால் தவறியதுதான். அண்ணன் கல்யாண முகூர்த்தம் அந்த நாட்களுக்குள்ளேயே விழுந்தது. வேறு தேதி கிடைக்குமா என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கு வாய் இருந்தது?

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையையும் அவனோடு பிறந்தவளையும் சபையில் சேர்த்து வைத்துச் செய்வது. கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறு தலைப்பு அவளிடம். பொண்டாட்டி வந்தபிறகும் உனக்கு இந்த வீட்டில் இடம் உண்டு என்று அண்ணன் ஊரறியச் சொல்வதுதான் அதன் பொருள் என்று நான் நினைக்கிறேன். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டில் தங்கை முறை உள்ளவளை உட்கார வைப்பார்கள். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். சீர் செய்து வைக்கும் அருமைக்காரர் பத்திரிகை வாங்க வந்தபோது, "எனக்குப் பதுலா பாப்பாவ உக்கார வெச்சுக்கலாமுங்களா" என்று என்னைக் காட்டிச் சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். பஸ்சில் இடம் மாறி உட்காருவதுபோல அதை நினைத்துவிட்டாள். அவள் செய்த பிழை அந்த ஒன்றுதான்.

பெரியப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "கூடப் பொறந்தவ உசுரோட இருக்கையில பங்காளி ஊட்டுப் புள்ளைய உக்கார வெச்சா, பொறந்தவ செத்துப்போனான்னு அர்த்தம். தெரியுமா உனக்கு" என்றார்.

"அப்படிப் பாக்கறதா இருந்தா நான் என்னங்ப்பா பண்றது. இது ஒரே தடவதானுங்களே."

அண்ணன் திண்டில் சாய்ந்தபடியே, "போகட்டும் உடுங்கப்பா. பதுலுக்கு ஆளையும் அவளே சொல்லிப்போட்டாள்ல" என்றார். சத்தம் போடாமல் அவர் சொன்ன அந்தச் சொல்லுக்கு நான் பயந்த மாதிரி, அவர் சட்டையை வாய்க்காலில் எறிந்த அன்றைக்குக்கூடப் பயப்படவில்லை.

அக்கா கிளம்பிய காலையில் பெரியப்பா எழுந்து கொடிக்காலுக்குப் போய்விட்டார். பெரியம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த திருநீற்றை அவசரமாக அக்கா நெற்றியில் பூசி உள்ளே ஓடினாள். அண்ணன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாரேண்ணா" என்றாள் அக்கா.

அவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். "எங்க வருவ? பஸ்ஸேறுனா ஏறுனதுதான்."

அக்கா பையைத் தோளில் மாற்றிக்கொண்டு நடந்தாள். நான் பஸ் நிறுத்தம்வரை போனேன். போகிற வழியில் செல்லாண்டியம்மன் கோயில். அக்காவுக்கு அவ்வளவாகச் சாமி பக்தி கிடையாது. அன்றைக்குச் செருப்பைக் கழற்றி நின்றாள். பஸ் ஏறும்போது என் கன்னத்தைத் தட்டி, "நல்லா சோடிச்சுட்டு உக்காரு, போட்டோவுல நல்லா உழுவோணும்" என்றாள்.

மண்டபத்தில் என்னைப் பட்டுப்பாவாடை கட்டி அழைத்துப் போனார்கள். ஒறம்பரைப் பெண்கள் எனக்குப் பூ வைத்துக்கொண்டே அக்காவைப் பேசினார்கள். "அண்ணன் சீருக்கு நிக்காதவ நாளைக்கு நாட்டக் காப்பாத்துவாளாமா" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். என் தலைமுடி அவர்கள் கையில் இருந்ததால் என்னால் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. அருமைக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க, நான் சீரத் தொடங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த. மாப்பளைக்குக் கூடப் பொறந்தவ உண்டுங்களா, இல்லீங்களா" என்றார். அவருக்குத் தெரியாமல் இல்லை. உண்டு, வெளியூரில் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அதை வைத்து அக்காவின் இடத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் அந்தப் பெரிய மனிதர் கேட்டார்.

பெரியப்பா தரையைப் பார்த்தார்.

அண்ணன் சொன்னார்: "இல்லீங்க."

மேளம் வாசித்தார்கள். கூறைச்சேலையின் தலைப்பை என் கையில் கொடுத்தார்கள். புதுப்பட்டு கனத்தது. பெரியம்மா தூணுக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடி, ஆத்தா, அங்கே அவள் கை நடுங்காமல் பார்த்துக்கொள் என்று வேண்டினேன். அந்த நேரத்தில் வேறு என்ன வேண்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மன் கேட்டாள். அக்கா தேறினாள். உடல் சோதனையிலும் தேறி, பட்டியலில் பெயரும் வந்தது. ஐதராபாத் பக்கம் பயிற்சிக்குப் போகும்வரை அஸ்தம்பட்டியிலேயே தோழி வீட்டில் தங்கினாள், ஊருக்கு வரவில்லை. பெரியம்மா ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை போய்ப் பார்த்து வந்தாள். சில வருசம் கழித்து, போர் விமானப் பிரிவுக்கே அக்காவை எடுத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்ததும் ஊர்முனையில் பெரிய பேனர் கட்டினார்கள். மேலே தலைக்கவசத்தோடு அக்கா, கீழே வரிசையாக ஒறம்பரையின் சின்னச் சின்னப் படங்கள். டீக்கடையில் ஏரோபிளேன் என்று கேலி செய்தவர், எனக்குப் பூ வைத்தபோது சிரித்தவளின் வீட்டுக்காரர், எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். அண்ணன் படம் மட்டும் இல்லை. கேட்டதற்கு, "யாருக்கோ பேனரு கட்டுனா நான் எதுக்கு" என்றாராம். அந்தப் பேனரில் இருந்த எல்லாரையும்விட அண்ணனின் கோபம் எனக்கு நிசமாகப் பட்டது. அதனாலேயே அது பயமாகவும் இருந்தது.

நான் பிளஸ் டூவோடு நின்றேன். ஓமலூரில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மகன் இருக்கிறான். வெள்ளிக்கிழமை விளக்கு, அமாவாசை விரதம் என்று என் நாள் ஓடுகிறது. ஆடிக்கும் பொங்கலுக்கும் அண்ணன் எனக்குத் தவறாமல் சீர் கொண்டுவருவார். அக்காவுக்குச் சேர வேண்டிய சேலையை நான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், சொன்னதில்லை.

இந்த வருசம் அண்ணன் புது வீடு கட்டி முடித்தார். புது வீட்டில் கூடப் பிறந்தவள்தான் முதல் பால் காய்ச்ச வேண்டும். அண்ணியையும் அழைத்துக்கொண்டு தட்டம் வைத்துக் கூப்பிட ஓமலூருக்கு வந்தார். "நீதான் சாமி வந்து காய்ச்சோணும்" என்றார்.

"அக்காளக் கூப்புடுங்ணா. லீவு கெடைக்கலீன்னா பெரியம்மா காய்ச்சட்டும். நான் வந்து சாப்புட்டுப் போட்டு வாரேன், பாலு மட்டும் காய்ச்சமாட்டேன்" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு நீ வக்கீலா" என்றார் அண்ணன். "அன்னைக்கு முந்தானையக் கையில குடுத்தப்ப வேண்டாம்னு சொன்னயா?"

"அன்னைக்கு என்னைய ஆரும் கேக்கலீங்ணா. இன்னைக்குத்தான் கேக்கறீங்க."

அவர் தட்டத்தை எடுத்துக்கொண்டார். அண்ணி தண்ணீர் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். பால் அண்ணியின் தங்கை காய்ச்சியதாகக் கேள்வி. ஆடி வந்தது, எனக்குச் சீர் வரவில்லை. அக்காவிடம் போனில் சொன்னேன். "உனக்குன்னு இருந்தது அந்த ஒரு அண்ணன் ஊடு. அதையும் போக்கடிச்சுப் போட்டயா பைத்தியக்காரி" என்றாள். அவள் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது பெரியம்மா பேசுவதானால் கொடிக்காலுக்குள் போய் நின்றுகொண்டுதான் எங்கள் இருவருக்கும் போன் செய்கிறாள். சேலத்துக்கும் ஓமலூருக்கும் அண்ணன் வருகிறார், போகிறார். என் வீட்டு வழியாகத்தான் பஸ், இறங்குவதில்லை. கூடப் பிறந்தவள் உண்டா என்று இனி எந்தச் சபையில் யார் கேட்டாலும், அவர் அன்றைக்கு மண்டபத்தில் சொன்ன பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.