இருட்டில் அரை மணி நேரம்

பீக்கரைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு அத்தை ஸ்டூலில் உட்காருகிறார். விளக்கைப் போட இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. உள்ளே, மருத்துவமனைக் கழிவுநீரில் மஞ்சள் நிற வினையூக்கிப் பொடி ஒன்று சுழல்கிறது. வெளிச்சம் பட்டால்தான் அந்தப் பொடி நீரிலுள்ள ஆன்டிபயாட்டிக்கைச் சிதைக்கும். இருட்டில் வெறுமனே தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். "ஒட்டுறதெல்லாம் ஒட்டி முடியட்டும். அப்புறம் லைட்டைப் போட்டாத்தான் எது அழிஞ்சது, எது ஒளிஞ்சதுன்னு தெரியும்" என்பார்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு அந்த அரை மணி பெரிய தண்டனை. "காலுல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ. உக்காருடி" என்று பக்கத்து ஸ்டூலைக் காட்டுவார்.

அப்பாவின் தங்கை, இருபத்திரண்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் டெக்னீஷியன். குடுவைகளைக் கழுவும்போது அவற்றைத் திட்டுவார். வீட்டில் மீந்த மாத்திரையை யாரும் கழுவுதொட்டியில் போட முடியாது. "மீனுக்கு என்ன காய்ச்சலா?" என்று கையை நீட்டி வாங்கிக்கொள்வார். ஆற்றுக் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால், நாளை மனிதர்களுக்கு அந்த மருந்து கேட்காது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இந்த அரை மணியை விட்டுவிட்டார். பொடியில் ஒட்டியிருந்ததும் அழிந்ததாகச் சேர்ந்துகொண்டது: தொண்ணூற்றிரண்டு சதவீதம். பேராசிரியர் எல்லோருக்கும் கேக் வாங்கினார். அந்த எண்ணை நம்பி மருத்துவமனைக்குப் பின்னால் தொட்டி கட்டினார்கள். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பொடியில் ஒட்ட இடமில்லாமல், மருந்தில் பாதிக்கு மேல் ஆற்றுக்குப் போனது.

அத்தை திரும்பவும், இந்த முறை காத்திருந்து, செய்து பார்த்தார். முப்பத்தெட்டு.

"தொட்டியோட பராமரிப்பு சரியில்லைன்னு எழுதியாச்சு. நீங்க ஏம்மா கிளறுறீங்க?" என்றார் பேராசிரியர்.

"நானும் வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன்டி." பாத்திரம் தேய்க்கும்போது, யாரும் கேட்காமலே, இப்போதும் சொல்வார்.

நேற்று வேறொரு நகரத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அதே தொட்டியை இரண்டு மடங்கு பெரிதாகக் கட்டப்போகிறார்களாம். கையில் அந்தப் பழைய அறிக்கை.

"தொண்ணூத்திரண்டுன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம், இல்லையா மேடம்?"

கதவருகே நின்ற பேராசிரியர் முந்திக்கொண்டார். "தாராளமா. அம்மா கைப்பட செஞ்சது."

அத்தை அறிக்கையை வாங்கி மேஜைமேல் வைத்தார். அந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி. பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினார். அதன்கீழே, அந்த அறிக்கையில் வேறெங்கும் இல்லாத தன் முழுப் பெயரை, நிதானமாக எழுதினார்.