பிரஸ்ஸுக்குப் பொட்டு வைப்பது யார்?

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் பஸ் திருமுடிவாக்கத்தில் பஞ்சராகி நிற்கிறது. மழைக்கு ஒதுங்கிய என்னை ஒரு பட்டறை முதலாளி உள்ளே கூப்பிட்டுப் பொரிகடலை கொடுக்கிறார். ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டாகிவிட்டது. எந்த மெஷினை யார் ஓட்டுகிறாரோ, அந்த ஆபரேட்டரே அதற்குப் பொட்டு வைப்பது இங்கே வழக்கமாம்.

மூலையில் தகடு வெட்டும் பிரஸ் ஒன்று மட்டும் பொட்டில்லாமல் இருக்கிறது. அதன் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அக்கா குங்குமத் தட்டோடு நிற்கிறார்.

“இது யார் ஓட்டறது?” என்கிறேன்.

“ஆபரேட்டர் வேலைய விட்டு நின்னுட்டார் சார். இப்போதைக்கு ஹெல்பர்தான் பாத்துக்கறாங்க” என்று முதலாளி அக்காவைக் காட்டுகிறார்.

“எப்போலேர்ந்துக்கா?”

“எம்பொண்ணு அஞ்சாவது படிக்க சொல்லோ புட்ச்சு. இப்போ அது காலேஜ் போவுது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதே மெஷின், அதே தகடு, விரல் போனால் அதே விரல்தான். ஆண் ஓட்டினால் ஆபரேட்டர், இவர் ஓட்டினால் ஹெல்பர். யாருக்கு ஹெல்ப்? என்றோ நின்றுபோன அந்த ஆளுக்கா?

முதலாளி தட்டை வாங்கி என்னிடம் நீட்டுகிறார். “விருந்தாளியா வந்திருக்கீங்க. நீங்களே வெச்சிடுங்க சார்.”

ஸ்குரூ டிரைவர்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாத என்னிடம்!

“ஓட்டறவங்க இங்கயே நிக்கறாங்க. நான் எதுக்கு?” என்று கத்தியேவிடுகிறேன். தட்டை அக்காவிடம் நீட்டுகிறேன். அவர் வாங்கவில்லை.

“நீயே வெச்சிட்டுப் போ சார். நாளைக்கு அத்தத் தொடச்சிட்டு ஓட்டப்போறது நான்தான்.”