கேற்றிலை இருந்த கை

எனக்கு என்ரை அக்காவிலை பொறாமை. முதல்லையே சொல்லிப்போடுறன். பேந்து சுத்தி வளைச்சு, "அப்பிடியொண்டும் இல்லை, சின்ன மனவருத்தம்தான்" எண்டு கதை விட ஏலாது. ஐம்பத்தேழு வயசிலை, பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிற ஒருத்தி, றோட்டிலை சனம் "ரீச்சர்" எண்டு மரியாதையாக் கூப்பிடுற ஒருத்தி, கூடப்பிறந்தவவைப் பாத்து வயிறெரிஞ்சுகொண்டு திரியிறது வடிவில்லைத்தான். என்ன செய்யிறது, எரியுது.

கொக்குவிலிலை எங்கடை ஐயாவுக்கு இருந்தது ஒரே வளவு. அதை ரெண்டாப் பிரிச்சு, முன்பாதியை அக்காவுக்கும் பின்பாதியை எனக்கும் சீதனமா எழுதினார். முன்பாதியிலை கிணறு, ரெண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம், ஒழுங்கைப் பக்கம். பின்பாதியிலை நாலு தென்னையும் நானும். நான் வெளியிலை போறதெண்டால் அக்கா வீட்டுப் பக்கத்தாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, அவவின்ரை கேற்றைத் திறந்துதான் போகவேணும். காணி உறுதியிலை வழி உரிமை எண்டு எழுதிக் கிடக்கு, அவ தடுக்க ஏலாது. ஆனா முப்பது வருசமா நான் எத்தினை மணிக்குப் போறன், என்ன சீலை கட்டிக்கொண்டு போறன், கூடையிலை என்ன மீன் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு எல்லாம் அவவுக்குத் தெரியும். அவ வீட்டை என்ன மீன் எண்டு எனக்குத் தெரியாது.

இன்னொரு கதையும் சொல்லவேணும், ஏனெண்டால் எல்லாம் அதிலைதான் துடங்கினது. அந்தக் காலத்திலை மதில் இல்லை, மரக்கொப்பை வெட்டிக் கதியாலா நட்ட வேலிதான். வருசா வருசம் வேலி அடைக்கேக்கை ஐயா கதியாலைக் கொஞ்சம் ஒழுங்கைப் பக்கமாத் தள்ளி நடுவார். ஒரு சாண், சில வருசம் அதுகும் இல்லை. கயித்தின்ரை ஒரு நுனியை அக்கா பிடிப்பா, மற்ற நுனியை நான். "ஐயா, போன வருசத்துக் குழி இங்கையெல்லோ கிடக்கு?" எண்டு நான் ஒருக்காக் கேட்டன். "வாயை மூடிக்கொண்டு கயித்தை இழுத்துப் பிடி" எண்டார். எங்கடை பக்கத்திலை உதைச் செய்யாத வீடில்லை. வேலி அரக்கிறது எண்டு அதுக்குப் பேரே இருக்கு. ஐயா அப்பிடி அரக்கி எடுத்த நிலம் முழுக்க முன்பக்கம். முழுக்க அக்காவுக்கு. களவெடுத்ததிலை கூட எனக்குப் பங்கில்லை.

அத்தான் வங்கியிலை மனேச்சரா இருந்து இளைப்பாறினவர். இளைப்பாறின காசிலை அவர் முதல் செய்த வேலை, அந்த வேலி நிண்ட இடத்திலை மதில் கட்டினதுதான். மேலை வெள்ளைப் பூச்சு, நடுவிலை ஒரு நீலக் கேற். அவருக்கு வேலி அரக்கின கதை தெரியாது. தன்ரை எல்லையிலைதான் கட்டினன் எண்டு அந்த மனுசன் உண்மையாவே நம்பினார். எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். அக்காவும் வாய் திறக்கேல்லை, நானும் திறக்கேல்லை.

ஒழுங்கைக் கடைசியிலை பன்ரெண்டு வீடு இருக்கு. போன வருசம் அங்கை ஓட்டோ ஓடுற ஒருத்தரின்ரை தாய்க்கு விடியக்காலமை நெஞ்சு நோ வந்தது. அம்புலன்ஸ் எங்கடை மதில் மூலையிலை திரும்ப ஏலாமல் நிண்டிட்டுது. கிழவியைக் கதிரையிலை இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினவை. ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே சீவன் போட்டுது. செத்தவீடு முடிய, அந்தச் சனம் அத்தானிட்டை வந்து ஒரு மூண்டடி மதிலைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கேட்டுது. "கோட்டுக்குப் போங்கோ" எண்டார் அத்தான். பிரதேச சபைக்குக் கடிதம் போட்டவை. கடிதம் போனது போனதுதான். கடைசியா ஒரு சனிக்கிழமை மட்டையிலை எழுதிக்கொண்டு போராட்டத்துக்கு வந்திட்டினம்.

அத்தானிட்டைக் கத்தி எப்பிடி வந்தது எண்டும் சொல்லவேணும். எங்கடை பக்கத்திலை வாள்வெட்டுக் கும்பல்காரர் வீடு வீடாப் போய் யன்னல் உடைச்ச நாளிலை, அவர் சந்தையிலை ஒரு கொடுவாக்கத்தி வாங்கித் தீட்டி, முன்கதவுக்குப் பின்னாலை சாத்தி வைச்சவர். எங்கடை வீட்டிலை கதவுக்குப் பின்னாலை விளக்குமாறுதான் கிடக்கு.

அண்டைக்குக் காலமை ஒரு ஒன்பது மணி இருக்கும். நான் சந்தைக்குப் போக சைக்கிளை உருட்டிக்கொண்டு கேற்றடிக்கு வந்தன். வெளியிலை ஒரு நாப்பது சனம். "ஒழுங்கை எங்கள் உரிமை" எண்டு ஒரு மட்டை, "அம்புலன்ஸுக்கு வழி விடு" எண்டு ஒண்டு. நான் படிப்பிச்ச பிள்ளையள் ரெண்டு மூண்டு பேர் அதுக்குள்ளை நிண்டு என்னைக் கண்டவுடனை மட்டையாலை முகத்தை மறைச்சதுகள். அத்தான் சாரமும் பெனியனுமா கேற்றுக்கு உள்ளை நிண்டார். கையிலை கத்தி. அக்கா அவருக்குப் பின்னாலை, அவரின்ரை தோளிலை கை வைச்சபடி.

தாயைப் பறிகுடுத்த அந்த ஓட்டோக்காரர்தான் முன்னுக்கு நிண்டு கதைச்சவர். கேற்றின்ரை மேல் கம்பியிலை கையை வைச்சுக்கொண்டு, "ஐயா, நாங்கள் சண்டைக்கு வரேல்லை. மூண்டடி விடுங்கோ, காணும்" எண்டார். குரல் உயரேல்லை. பின்னாலை நிண்ட ஒருத்தன், "உவரோடை என்ன கதை, மதிலைத் தட்டுங்கோடா!" எண்டு கத்தினான். அவ்வளவுதான். அத்தான் கத்தியை ஓங்கி இறக்கினார்.

மூண்டு விரல். விரல் அறுந்து விழேல்லை, நரம்பு அறுந்துபோச்சு. நீலக் கேற்றிலை ரத்தம் வடிஞ்சது. நான் நிண்டது ஆறடி தள்ளி. இதை நான் எத்தினை தரமும் சத்தியம் பண்ணிச் சொல்லுவன்: அவர் கையை உள்ளுக்கு விடேல்லை. கேற்றின்ரை உள்பக்கத்துக் கொண்டியைத் தொடேல்லை. விரல் நாலும் கம்பிக்கு மேலை, ஆள் முழுக்க வெளியிலை.

பயந்தன், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தப் பயத்துக்குள்ளையும் என்ரை கண் போனது அக்காவின்ரை கையிலை. அது இன்னும் அத்தானின்ரை தோளிலைதான் கிடந்தது. எனக்காக என்ரை மனுசன் ஒரு ஈர்க்குக் குச்சியாவது தூக்கியிருப்பாரோ எண்டு நினைச்சன். சீ, ஒரு மனுசன் ரத்தம் சொட்டச் சொட்ட நிக்கிறான், எனக்கு வந்த நினைப்பு அது. இவர் பேப்பரும் கையுமா ஓடி வந்து, "உள்ளை வாரும், பொலிசுக்கு எடுப்பம்" எண்டார். பேந்து தன்ரை சால்வையைக் கழட்டிக் கேற்றுக்கு மேலாலை எறிஞ்சு, அந்தக் கையைச் சுத்திக் கட்டச் சொன்னார். அண்டைக்கு அந்த இடத்திலை மூளையோடை நடந்த ஒரே ஆள் அவர்தான். எனக்கு அவரிலைதான் கோவம் வந்தது.

ஆரோ ஒருத்தர் வெளியிலை நிண்டு போனிலை எடுத்த வீடியோ, மத்தியானத்துக்கு முன்னம் ரொறன்ரோ வரைக்கும் போட்டுது. அதிலை அத்தான் கத்தியை ஓங்கிறது தெரியும். கை இருந்த இடத்தைத் தலையள் மறைக்குது. அதிலை துடங்கினதுதான் வாக்குவாதம். கனடாவிலை இருக்கிற மச்சான், "வீட்டை உடைக்க வந்தவனை வெட்டாமல் தேத்தண்ணியே ஊத்திக் குடுக்கிறது?" எண்டார். லண்டன் மச்சாள், "மட்டையோடை வந்தவைக்குக் கத்தியே? கடவுளே!" எண்டா. எங்கடை பள்ளிக்கூடத்திலை ரீச்சர்மார் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு இடைவேளை முழுக்கக் கதைச்சினம். கேற்றுக்கு உள்ளை கை வந்திருந்தால் அது தற்பாதுகாப்பு, வெளியிலை எண்டால் வெட்டு எண்டு சமூகக்கல்வி ரீச்சர் தீர்ப்புச் சொன்னா. சந்திக் கடையிலை ஒரு கிழவர் கேட்டார் ஒரு கேள்வி: "மதிலே ஒழுங்கையிலைதானே நிக்குது? அப்ப கேற்றுக்கு உள்ளை மூண்டடியும் ஒழுங்கைதானே? உவர் ஆரின்ரை காணியிலை நிண்டு தன்னைக் காப்பாத்தினவர்?" கடையிலை நிண்ட எல்லாரும் சிரிச்சினம். நான் மட்டும் சிரிக்கேல்லை. கயிறு பிடிச்ச ஆளெல்லோ.

பொலிஸ் அத்தானைக் கூட்டிக்கொண்டு போய் அடுத்த நாள் பிணையிலை விட்டுது. அவ்வளவுதான், அக்கா வீட்டுக்குச் சனம் வரத் துடங்கிச்சுது. ஹோர்லிக்ஸ் என்ன, கொத்துக் கொத்தா முந்திரிகைப்பழம் என்ன, விறாந்தை முழுக்கக் கதிரை என்ன! நான் சைக்கிளோடை அவைக்கு நடுவாலை "எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ" எண்டு போகவேணும். ஒருநாள் அக்கா எல்லாருக்கும் முன்னாலை, "இவர் மட்டும் நிண்டிராட்டில் எங்களை மிதிச்சுக்கொண்டு போயிருப்பாங்கள். உன்ரை மனுசன் அண்டைக்கு எங்கையடி நிண்டவர்?" எண்டு கேட்டா. சனம் சிரிச்சுது. நான் வீட்டை வந்து, சோத்துக்கு முன்னாலை இருந்த இவரைப் பாத்து, "நீங்களும் ஒரு ஆம்பிளையே?" எண்டு கேட்டன். அந்த மனுசன் சாப்பிட்டு முடிச்சு, கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போனார். பாவம்.

பொலிசுக்கு இப்ப தேவை ஒண்டுதான். கை உள்ளையோ வெளியிலையோ? வெளியிலை நிண்ட நாப்பது பேரும் வெளியிலை எண்டினம். அத்தானும் அக்காவும் உள்ளை எண்டினம். வெட்டு விழேக்கை உள்ளை நிண்ட மூண்டாவது ஆள் நான் ஒருத்திதான். நான் உள்ளை எண்டு சொன்னால் அத்தான் தப்புவார். வெளியிலை எண்டு சொன்னால் மறியல்வீடு, கம்பி எண்ணவேணும். அறுபத்தெட்டு வயசு, சீனி வருத்தம், ரெண்டு நேரம் ஊசி.

வாக்குமூலத்துக்குப் போக முதல்நாள் பின்னேரம் அக்கா ஒரு கிண்ணத்திலை முந்திரிகைப்பழம் கொண்டு வந்தா. சனம் கொண்டு வந்த பழம், அடியிலை கிடந்த நசிஞ்சது. "கை கொண்டியிலை இருந்தது எண்டு மட்டும் சொல்லு தங்கச்சி. ஒரு வசனம்தானே. ஊசி போடாமல் அந்த மனுசன் உள்ளை கிடந்து செத்துப்போவார்" எண்டா. நான் "ஓம்" எண்டன். சொல்லேக்கை உண்மையாத்தான் சொன்னன், அதை நம்புங்கோ.

பொலிசிலை ஒரு மணித்தியாலம் வாங்கிலை இருத்தி வைச்சினம். பேந்து தமிழ் தெரிஞ்ச ஒரு பெடியன் கொப்பியைத் திறந்து, நிமிந்து பாக்காமல், "ஆ, அந்த மனேச்சரம்மாவின்ரை பின்வீட்டு ஆள் நீங்கள்தானே?" எண்டு கேட்டான். வேறை ஒண்டுமில்லை. அவன் வாழ்க்கையிலை என்னைக் கண்டதில்லை, என்னைப் பழிக்க நினைச்சதும் இல்லை. ஆனா எனக்குள்ளை ஏதோ ஒண்டு விறைச்சுப்போச்சு. "பேனையைத் தாரும்" எண்டன். வெள்ளைத் தாளிலை படம் கீறினன். கேற்றுக்கு ஒரு கோடு. அத்தானுக்கு ஒரு புள்ளி, எனக்கு ஒரு புள்ளி, நடுவிலை தூரம் ஆறடி. கொண்டி இருக்கிற இடம், கை இருந்த இடம், ரெண்டுக்கும் இடையிலை ஒண்டரை அடி. கரும்பலகையிலை கீறுற மாதிரி வடிவாக் கீறி, ஒவ்வொண்டுக்கும் பேர் எழுதிக் குடுத்தன். கீழை கையெழுத்தும் வைச்சன்.

திரும்பி வரேக்கை அக்கா விறாந்தையிலை நிண்டா. "சொன்னியே?" எண்டு கேட்டா. "சொன்னன்" எண்டிட்டு நடந்தன்.

ரெண்டாம் நாள் பிணை ரத்தாகி, பொலிஸ் வந்து அத்தானைத் திரும்பவும் கொண்டு போச்சுது. பதினாலு நாள் விளக்கமறியல். வீட்டுக்கு வந்த சனம் நிண்டுபோச்சு, கதிரையெல்லாம் உள்ளை போச்சுது. சொந்தக்காரர் எல்லாம், "உவள் பொறாமையிலை சொன்னவள்" எண்டினம். ஒழுங்கைச் சனம், "ரீச்சர்தான் நேர்மையான மனுசி, சொந்த அத்தானெண்டும் பாக்கேல்லை" எண்டு சொல்லிச்சுது. அந்த ஓட்டோக்காரரின்ரை மனுசி ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடை எங்கடை வீடு தேடி வந்தா. எங்கடை வீட்டுக்கு! அக்கா வீட்டு முற்றத்தாலை நடந்து வந்து! அவவின்ரை மனுசனுக்கு இன்னும் ஓட்டோ கிளச் பிடிக்க ஏலாது, அந்த மூண்டு விரலும் மடங்குதில்லை எண்டு அழுதா. நானும் அழுதன். ஆனா அவ போனாப் பிறகு, அவ வந்ததை அக்கா கண்டிருப்பாவோ எண்டு யன்னலாலை எட்டிப் பாத்தன்.

நான் சொன்னது உண்மை. பொய்க்கு எவர் தலையாட்டினாலும், அந்தக் கை வெளியிலைதான் இருந்தது. ஒரு மனுசன் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கை அவன்ரை கையை வெட்டுறதுக்கு ஒரு வீட்டுக்காரருக்கும் உரிமையில்லை. இதை ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் படுத்தன்.

பத்தாம் நாளோ என்னவோ, காலமை நான் குசினியிலை தேங்காய் துருவிக்கொண்டு நிக்க அக்கா வந்தா. தலை வாரி இழுக்கேல்லை. அத்தானுக்குக் காலிலை புண் வந்திட்டுதாம், மறியல் ஆசுப்பத்திரியிலை போட்டிருக்கினமாம். சண்டைக்குத்தான் வாறா எண்டு நினைச்சு, நான் மறுமொழியெல்லாம் ஆயத்தமா வைச்சிருந்தன். ஐயா வேலி அரக்கினது துடங்கி நசிஞ்ச முந்திரிகைப்பழம் வரைக்கும், வரிசையா.

அவ சண்டை பிடிக்கேல்லை. முக்காலியிலை இருந்தா.

"நீ பொய் சொல்லேல்லை" எண்டா. "கை வெளியிலைதான் இருந்தது. நானும்தானே பாத்தனான். உன்னைப் பொய் சொல்லக் கேட்டது என்ரை பிழை."

ஆயத்தமா வைச்சிருந்த ஒண்டும் இதுக்குப் பொருந்தேல்லை.

"ஒண்டு மட்டும் கேக்கவேணும் எண்டுதான் வந்தனான்" எண்டா அக்கா. "அண்டைக்குப் பொலிசிலை சொல்லிப்போட்டு வந்து, என்னைத் தாண்டி உன்ரை வீட்டை போகேக்கை, நீ பாட்டுப் படிச்சுக்கொண்டு போனனி. சின்னக் குரலிலை. எனக்குக் கேட்டது. ஏனடி?"

நான் பாட்டுப் படிச்சது எனக்கு நினைவில்லை. அண்டைக்கும் நினைவில்லை, இண்டைக்கும் நினைவில்லை. இல்லையெண்டு சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தன். அக்கா என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா. இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.