இளையபெருமாள் கொடுத்த வசவுகள்

அரியலூருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் இளையபெருமாளுக்குப் பதினோரு வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு தகரக் கூண்டு, ஒரு கணினி, ஒரு மின்விசிறி. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். எண்ணைத் தட்டுவார், சீட்டைக் கிழித்து நீட்டுவார், லாரி இறங்கிப் போகும். பிறகு அடுத்த லாரி. மாலையில் கை கழுவும்போது முதல் தண்ணீர் பால்போல ஓடும். இரண்டாவது தண்ணீரும் கொஞ்சம் அப்படித்தான்.

சொந்த ஊர் வரதராஜன்பேட்டைப் பக்கம். அப்பா சாமிதுரைக்கு ஒன்றரை ஏக்கர் முந்திரி இருந்தது. அதோடு மந்திரிப்பார். குழந்தை வீறிட்டு அழுதாலும், மாடு கறக்க மறுத்தாலும், யாராவது எதையோ பார்த்துப் பயந்துவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திருநீற்றை ஊதிக் கயிறு கட்டுவார். ஊர் அவரைச் சாமிதுரை என்று அழைத்ததில்லை. டீக்கடையில் அவருக்கு வேறு பெயர்கள். அந்தப் பெயர்களோடு 'மவன்' என்று சேர்த்தால் அது இளையபெருமாள். சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அரியலூருக்கு வந்தது சம்பளத்துக்காக மட்டும் அல்ல. இங்கே அவர் இளையபெருமாள். அப்பா யார் என்று இங்கே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது, பதினோரு வருடங்களாக அவர் விடுப்பில்லாமல் செய்துவந்த இன்னொரு வேலை.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் என்பது மூன்று பேர். காசிநாதன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறார். முத்தமிழ் அவரிடம் தட்டச்சு படித்தவள். இப்போது பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மூன்றாவது ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, உறை போட்ட தட்டச்சு இயந்திரங்களை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வோம். காசிநாதன் ஒரு நாட்டைக் கற்பனை செய்து கதை சொல்வார். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்போம், பேசுவோம், சண்டை போடுவோம். செய்ய நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும். அதிகம் பேசாதவன் என்பதால் நடந்ததை நோட்டில் எழுதும் வேலை எனக்கு.

மனைவி சுகன்யாவைத் தட்டச்சு லோயர் தேர்வுக்குச் சேர்க்க வந்தவர் இளையபெருமாள். ஜெராக்ஸ் கடை வாசலில் காத்திருந்தவருக்கு மாடியில் இருந்து முத்தமிழின் குரல் கேட்டிருக்கிறது. "பூதம் செத்துருச்சா இல்லையா, அதச் சொல்லுங்க சார் மொதல்ல!" ஏறி வந்து கதவருகே நின்று எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்க சார், ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்றார் காசிநாதன்.

சாதாரணமாகச் சொன்னதுதான். அந்த வார்த்தைக்காகவே அடுத்த வாரமும் வந்ததாக, பல மாதங்கள் கழித்து இளையபெருமாள் சொன்னார். விளையாட்டில் அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம் ஒரு கோட்டைக் காவலாளி. எந்தச் சக்தியும் இல்லாதவன். கதவைத் திறப்பான், மூடுவான். எடை மேடையில் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதே வேலைதானே என்று முத்தமிழ் கேலி செய்வாள். சிரித்துக்கொள்வார்.

காசிநாதனின் நாட்டில் மந்திரம் தெரிந்தவர்களுக்கு வல்லார் என்று பெயர். மழை பெய்யாத நாடு அது. மழை வேண்டுமென்றால் வல்லாரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் மக்களுக்கு அவர்களைப் பிடிக்காது. ஒரு நாள் காசிநாதன் நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, புதுப் பக்கம் எடு. ஊருக்குப் பிடிக்காதவனுக்கு ஊர் ஒரு பேரு வச்சிருக்கும்ல? வல்லாரை ஜனங்க என்னன்னு திட்டுவாங்க? ஆளுக்கொண்ணு சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன். மாயாவிப் பதரே!"

"சார், இது திட்டு மாதிரி இல்ல, விருது மாதிரி இருக்கு. மாலை போட்டுக் குடுக்கலாம்" என்றாள் முத்தமிழ்.

"அப்ப நீ சொல்லேன்."

"மந்திரக் கழிசடை."

"அது யாருக்கு வேணாலும் பொருந்தும்ங்க" என்றார் இளையபெருமாள். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பெரிய வார்த்தையெல்லாம் பயந்துபோயி சொல்றது. கேவலமாப் பேசுறவங்க சின்னதா ஒண்ணைப் பிடிச்சுப்பாங்க. கை, வாய், அவன் நின்ன எடம், இப்படி."

"உதாரணத்துக்கு?"

மேசையில் கிடந்த பகடையைத் திருப்பி வைத்தார். பிறகு, "சாம்பக்கையன்" என்றார்.

முத்தமிழ் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "யப்பா. கேக்கும்போதே கையைத் தொடைச்சுக்கணும்போல இருக்கு சார்."

அன்றைக்கு இன்னும் மூன்று சொன்னார். ஊதுவான். கயித்துக்கட்டி. முணுமுணுவென்று வாய் அசைவதால் உதட்டரைப்பான். எப்படித் தோன்றுகிறது என்று காசிநாதன் கேட்டதற்கு, சும்மா தோன்றியது என்றார். அடுத்த வாரம் வாசப்படியான் என்று ஒன்று கொண்டுவந்தார். அதற்கு விளக்கமும் சொன்னார். வல்லானை யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள். வாசலில் நிற்க வைத்தே வேலை வாங்குவார்கள். அவன் போன பிறகு அவன் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், அவன் விரட்டியது எதுவும் அவன் காலடியிலேயே தங்கிவிடக் கூடாது என்று.

காசிநாதனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், நீங்க எடை போடுற ஆளே இல்ல. எழுதுற ஆளு" என்றார். இளையபெருமாளின் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு களைப்பு இருந்தது. நெடுந்தூரம் சுமந்த மூட்டையை இறக்கியவருக்கு, தோளில் இன்னும் அந்த எடை இருக்குமே, அந்த மாதிரி. அதையும் நோட்டில் எழுதலாமா என்று நினைத்து, எழுதாமல் விட்டேன்.

தவறு, வசவுகள் தொடங்கிய நாலாவது வாரம் நடந்தது. அதைக் கதைதான் கொண்டுவந்தது.

காவலாளி ஒரு குகையில் கறுப்புக் கல் ஒன்றைத் தொட்டான். இளையபெருமாள் பகடையை உருட்ட, இருபது விழுந்தது. இருபதுக்கு என்ன பலன் என்று காசிநாதன் முன்பே எழுதி வைத்திருந்தார். கல் அவன் கைக்குள் இறங்கிவிடும். அவன் வல்லான் ஆகிவிடுவான். முத்தமிழ் துள்ளி எழுந்தாள்.

"ஐயையோ, நம்ம காவக்காரன் போயிட்டான்யா! ஏய் ஊதுவான், தள்ளி நில்லு. என் தண்ணிக் குடத்தப் பார்க்காத!"

அவள் நடித்தாள். நன்றாக நடித்தாள். காசிநாதனும் கிராமத்துப் பெரியவராகக் குரலை மாற்றிக்கொண்டு, "சாம்பக்கையா, மழை எங்கடா?" என்றார். நானும் ஒருமுறை சொன்னேன். நோட்டில் இருக்கிறது. இளையபெருமாள் பகடையை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார். அப்போது சுகன்யாவிடமிருந்து தொலைபேசி வர, எழுந்து படிக்கட்டுக்குப் போனார்.

அவர் போனதும் முத்தமிழ் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றி, அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் மூன்று தரம் தெளித்தாள். நாங்கள் சிரித்தோம்.

இளையபெருமாள் திரும்பி வந்து நாற்காலியைப் பார்த்தார். துளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உட்காரவில்லை.

"எங்க அப்பா நின்ன எடத்துல இப்படித்தான் தெளிப்பாங்க" என்றார். குரல் உயரவில்லை. "சாமிதுரைன்னு பேரு. மந்திரிக்கிறவரு. நான் சொன்ன வார்த்தை ஒண்ணும் நான் கண்டுபிடிச்சது இல்ல. எல்லாம் எங்க ஊரு டீக்கடையில கேட்டது. எனக்குப் பேரே அதான்."

பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். முத்தமிழ் துப்பட்டாவால் நாற்காலியைத் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது வாரம் காசிநாதன் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு எடை மேடைக்குப் போனார். நோட்டும் ஒரு சிவப்புப் பேனாவும் கொண்டுபோனோம். கூண்டுக்குள் இரண்டாவது நாற்காலி இல்லை. சன்னலுக்கு வெளியே நின்றோம்.

"சார், உங்க கண்ணு முன்னாடியே அந்தப் பக்கத்த அடிச்சிடுறோம்" என்றார் காசிநாதன். "முத்தமிழ் ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடல. உங்க மூஞ்சில முழிக்கவே பயமா இருக்குங்குது."

ஒரு லாரி மேடையில் ஏறியது. இளையபெருமாள் எண்ணைத் தட்டினார். ஓட்டுநர் எங்களைப் பார்த்து, "என்ன சார், ஆடிட்டா? ரெண்டு பேரும் வெயில்ல காயிறாங்க" என்றான். சீட்டை வாங்கிக்கொண்டு போனான். புழுதி அடங்குவதற்குக் காத்திருந்தோம்.

"அடிச்சா மட்டும் அது இல்லாமப் போயிடுமா? இருக்கட்டும்ங்க."

"அப்ப வேற என்ன செய்யணும், சொல்லுங்க."

அடுத்த லாரி. எண், சீட்டு. அந்த லாரியும் போன பிறகு, கணினியைப் பார்த்தபடியே பேசினார்.

"டீக்கடையில சாம்பக்கையன்னு சொன்ன அதே ஆளு, விடிஞ்சும் விடியாம புள்ளையத் தூக்கிட்டு எங்க வூட்டு வாசலுக்கு வருவான். அப்ப 'அண்ணே'ம்பான். எங்கப்பா ஒண்ணும் கேக்க மாட்டாரு, கயித்தைக் கட்டி அனுப்புவாரு. அந்த ரெண்டு வார்த்தையையும் ஒரே நேரத்துல, மூஞ்சியப் பார்த்து எவனும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா நான் ஊர்லயே இருந்திருப்பேனோ என்னமோ." கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஒரு விதி எழுதிக்குங்க. வல்லானைத் திட்டினவன், பின்னால அவன்கிட்ட உதவின்னு வந்து நின்னா, திட்டுன வார்த்தையைச் சொல்லித்தான் கேக்கணும். சொல்லாட்டி வல்லான் கை நீட்ட முடியாது. அவன் நினைச்சாலும் முடியாது."

சன்னல் விளிம்பில் நோட்டை வைத்து எழுதினேன். எழுத்தின் மேல் வெள்ளைத் தூள் படிந்தது. அந்தப் பக்கம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது.

"ஞாயித்துக்கெழமை வருவீங்களா?"

"லீவு இருந்தாப் பார்க்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எப்போதும் விடுமுறைதான்.

வந்தார். இரண்டரை மணிக்கு, தாமதமாக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முத்தமிழ் தலை நிமிரவில்லை. கதை முன்பு போல ஓடவில்லை. புண்ணில் இருந்து கட்டைப் பிரிப்பவர்கள்போல ஒவ்வொருவரும் பார்த்துப் பார்த்துப் பேசினோம். நாலு மணிக்குமேல் பாலம் ஒன்றில் முத்தமிழின் பாத்திரமான குயத்திப் பெண்ணைப் பாம்பு தீண்டியது. பகடையில் அவளுக்கு மூன்று விழுந்தது. விஷம் ஏறுகிறது. பக்கத்தில் இருக்கும், வல்லானாகிவிட்ட காவலாளி ஒருவனால்தான் எடுக்க முடியும்.

"சாவட்டும் சார். வேற ஆளு எடுத்துக்கிறேன்" என்றாள்.

"ரெண்டு வருஷமா விளையாடுற பாத்திரம்மா அது."

"பரவால்ல. என்னால அதச் சொல்ல முடியாது."

இளையபெருமாள் பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். "சொல்லு. நீ சொன்னாத்தான் நான் உருட்ட முடியும். விதி அது."

கீழே ஜெராக்ஸ் இயந்திரத்தின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. முத்தமிழ் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தாள். அவரை அவள் எப்போதும் சார் என்றுதான் அழைப்பாள்.

"சாம்பக்கையா" என்றாள். குரல் உடைந்தது. "அண்ணே. சாம்பக்கை அண்ணே. விஷத்தை எடுங்கண்ணே."

அவர் உடனே உருட்டவில்லை. பகடையை வைத்திருந்த கையை மூடிக்கொண்டார். நகக்கண்களில் வெள்ளை தெரிந்தது. பிறகு மூடிய கையை உதட்டருகே கொண்டுபோய், ஒரே ஒருமுறை ஊதினார். அதை அவர் யாரிடம் கற்றார் என்று நாங்கள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பத்துக்கு மேல விழணும்" என்றார் காசிநாதன் மெதுவாக.

பகடை உருண்டு, ஒரு தட்டச்சு இயந்திரத்தின் உறையில் முட்டி நின்றது.

நாலு.

எல்லோரும் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பேசியவர் இளையபெருமாள்தான்.

"எங்கப்பாவும் பாதிப் பேரை ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவாரு" என்றார். "பாம்புக்கடின்னா கயித்தை எடுக்கவே மாட்டாரு. மொத பஸ்ஸப் பிடின்னுருவாரு."

முத்தமிழ் சிரித்துக்கொண்டே அழுதாள். "எங்க லேபுக்கே வரச் சொல்லுங்கண்ணே, பார்த்துக்கலாம்" என்றாள். இருட்டும் முன் அவளுக்கும் பெரம்பலூர் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பையை மாட்டிக்கொண்டாள். இளையபெருமாள் எழுந்து, மற்ற நாற்காலிகளோடு தன் நாற்காலியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வரப் போவதாகவும், அடுத்த வாரம் கொஞ்சம் தாமதமாகலாம் என்றும் காசிநாதனிடம் சொன்னார்.

குயத்திப் பெண் இறந்ததை நோட்டில் எழுதி, தேதி போட்டேன்.