அண்ணியின் மூக்கை நம்பி எண்ணூர் வரை

வலைப்பதிவில் பயணம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல வாசனை உள்ள இடங்களுக்குத்தான் போகிறார்கள். நான் 2007 ஆகஸ்ட் கடைசியில் போனது ஒரு நாற்றத்தைத் தேடி. ராயபுரத்திலிருந்து காத்திவாக்கம் கழிமுகம் வரை, சுமார் பதினான்கு கிலோமீட்டர். நான் பிறந்து வளர்ந்த பாதைதான். அதிலே எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று இத்தாலிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

பார்மாவிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் வரும் ஒரு சின்ன ஊரில், உதவித்தொகையில் சமையல் படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வகுப்பில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். ஆனால் மூக்கு நன்றாக வேலை செய்தது. பாதாள அறையில் அடுக்கியிருக்கும் பாலாடைக்கட்டிச் சக்கரங்களில் எது ஒரு வருடப் பழசு, எது மூன்று வருடப் பழசு என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். உப்பில் ஊறிய நெத்திலி ஜாடியை முதல் தடவை திறந்தபோது மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் ஞாபகம் வந்துவிட்டது. வெண்ணெய் தடவிய ரொட்டிமேல் அந்த நெத்திலியை வைத்துத் தின்றுகொண்டே, இரண்டாம் வருடம் மீன் சமைக்கும் மேசையில்தான் நிற்பேன் என்று முடிவு செய்தேன்.

ஜூனில் ஒரு முகர்வுத் தேர்வு. வரிசையாகத் துணி மூடிய ஜாடிகள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். காட்டுக்காளான், வறுத்த பாதாம், புளித்த பால் எல்லாம் சரியாகச் சொன்னேன். கடைசி ஜாடி வந்ததும், “இது காலி” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்தால், பக்கத்தில் நின்ற தோழி பாவோலா மேலங்கியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போயிருந்தாள். ஜாடிக்குள் கெட்டுப்போன முட்டையும் சிப்பிகளும் சாம்பல் நிறத்தில் கூழாகிக் கிடந்தன. முகத்தையே உள்ளே விட்டேன். கண்ணாடியின் குளிர்ச்சி மட்டும் கன்னத்தில் பட்டது.

ஆசிரியர் ரெனாட்டா அதிர்ந்து பேச மாட்டார். “சிப்பி கெட்டால் வரும் நாற்றம் இது. தெரியாதவரை நான் மீன் மேசையில் நிறுத்த முடியாது. ஊருக்குப் போய்விட்டு செப்டம்பரில் வா. அப்போதும் தெரியாவிட்டால் உனக்கு ரொட்டி அடுப்பு” என்றார். அங்கே ஒரு மூக்கு டாக்டரிடமும் காட்டினேன். மூக்கில் ஒரு குறையும் இல்லை என்றவர், எங்கே வளர்ந்தாய் என்று கேட்டார். எனக்கிருந்த இத்தாலிய மொழியில் எங்கள் எர்ணாவூரைச் சொல்ல முடியவில்லை. காகிதத்தில் கடலையும் பக்கத்தில் நான்கைந்து புகைபோக்கிகளையும் வரைந்து காட்டினேன். அவர் புகைபோக்கிகளைப் பேனாவால் வட்டமிட்டார்.

எர்ணாவூர் வீட்டுக்கு வந்த அன்றே அண்ணி ஞாபகம்தான் பளிச்சென்றது. அண்ணி தேனிப்பக்கம். போன வருடம் ஆவணியில் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த புதிதில், “என்ன இது, முட்டை அழுகுன மாதிரி நாறுது” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம். அப்பா, “இன்னாம்மா, உங்க ஊரு பன்னீர் தெளிச்சிகினா கீது?” என்பார். நான் இத்தாலிக்குப் போன பிறகு அண்ணி அதைச் சொல்வதை நிறுத்திவிட்டதாக அம்மா போனில் சொன்னார். எங்கள் கேலிக்குப் பயந்துதான் நிறுத்தினார் என்று நினைத்திருந்தேன்.

இந்த முறை அவர் ஆடிக்குத் தாய்வீடு போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, அந்த நாற்றத்தைக் காட்டித்தரக் கேட்டதும், “நாளைக்கே போவோம்த்தா, தள்ளிப் போடாத” என்றார்.

“ஏன் அண்ணி அவ்வளவு அவசரம்?”

“கல்யாணமாகி வந்தப்ப ரெண்டு மாசம் நாறுச்சு. பொங்கலுக்குப் போயிட்டு வந்தப்ப பத்து நாளு. இப்ப எத்தன நாளோ, யாரு கண்டா.”

காலை ஏழு மணிக்கு ராயபுரத்தில் தொடங்கினோம். எனக்குத் தெரிந்த வாசனையிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது திட்டம். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ், டீசல், வஞ்சிரத்தின் ரத்தம், காய்ந்த வலை என்று கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். “என்னையவிட உனக்கு நல்லாத்தான் தெரியுது” என்றார் அண்ணி. வெளியே ஒரு தள்ளுவண்டியில் இட்லி வடகறி, இரண்டு பேருக்கும் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய். வடகறியில் சோம்பு கொஞ்சம் தூக்கல்.

எண்ணூர் பஸ்ஸில் டிக்கெட் ஐந்து ரூபாய். கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணியை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். தண்டையார்பேட்டையில், “எண்ணெய், துருப்பிடிச்ச தகரம்” என்றார். அது எனக்கும் தெரிந்தது. திருவொற்றியூர் தேரடியில் பூ, சாக்கடை. அதுவும் தெரிந்தது. பிறகு பஸ் கடலோரச் சாலையில் ஏறிச் சிறிது தூரம் போனதும், அண்ணி முந்தானையை மூக்கில் வைத்தார்.

“ஆரம்பிச்சுருச்சா?”

தலையை மட்டும் ஆட்டினார். நான் மூச்சை இழுத்தேன். உப்புக்காற்று, வியர்வை, லாரிப்புகை. அவ்வளவுதான்.

அப்போதுதான் பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தேன். இந்தச் சாலையில் ஆயிரம் முறை போயிருக்கிறேன், முகங்களைப் பார்த்ததில்லை. வேலைக்குப் போகிற ஆண்கள், கூடைக்காரப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சாதாரணமாக இருந்தார்கள். ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணியைத் தவிர மூக்கை மூடியிருந்தது பெட்டியோடு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும். எனக்கு முன்சீட்டில் ஒரு கைக்குழந்தை முகத்தைச் சுருக்கிச் சுருக்கி அம்மாவின் தோளில் தேய்த்து அழுதது. “பசிக்கிது போல கீது” என்றாள் அந்தப் பெண், யாரிடமும் இல்லாமல். ஐந்து நிமிடம் முன்புதான் அவள் பால் கொடுத்து முடித்திருந்தாள்.

கண்டக்டர் அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். “ஊருக்குப் புச்சாம்மா? நாலு நாளு ஆனா சரியாப் பூடும்.”

“உங்களுக்கு எத்தன நாள்ல சரியாச்சு?” என்று அண்ணி கேட்டார்.

“எனுக்கா? நான் இங்கியே பொறந்தவன். எனுக்கு இன்னா சரியாவறதுக்குக் கீது?”

எர்ணாவூரில் எங்கள் தெருமுனை கடந்துபோனது. அண்ணி முந்தானையை எடுக்கவில்லை. எங்கள் அம்மா வாசலில் வாளியோடு நிற்பது தெரிந்தது. அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து அண்ணி பார்ப்பதும், நான் வெறும் மூக்கோடு பார்ப்பதும் ஒரே வீடுதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

காத்திவாக்கத்தில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் கழிமுகம். நீர் வற்றிக் கறுப்புச் சேறு வெளியே தெரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து கையாலேயே இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலைக்கூடையைப் பல்லில் கவ்வியிருப்பதால் யாரும் பேசவில்லை. அக்கரையில் உயரமான புகைபோக்கி ஒன்றிலிருந்து புகை எங்கள் பக்கமாகவே சாய்ந்து வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பேர் இருந்தும் தண்ணீர் அளைகிற சத்தம் மட்டும்தான்.

ஒருவர் கரையேறிக் கூடையை வாயிலிருந்து எடுத்தார். பெயர் ராணி. “இன்னாம்மா, இன்னாத்த தேடிகினு கீறீங்க?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணிதான் சொன்னார், நாற்றம் தேடி வந்திருக்கிறோம் என்று.

“நாத்தம் வோணும்னா எங்க வூட்டுக்காரன் சட்டைய மோந்து பாரு. அதுக்கு பஸ்ஸு ஏறிகினு வரணுமா?” என்று சிரித்தவர், நான் சேற்றில் இறங்குவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

முழங்கை வரை கையை விட்டு அடிச்சேற்றை அள்ளினேன். மை போல இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் அண்ணி திரும்பிக்கொண்டு ஓங்கரித்தார். நான் கண்ணை மூடி, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி சின்னச்சின்ன மூச்சாக இழுத்தேன். உப்பு தெரிந்தது. அழுகிய இலை தெரிந்தது. அதற்குக் கீழே ஏதோ இருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது, பல் விழுந்த இடத்தை நாக்கு கண்டுபிடிப்பதுபோல. ஆனால் அங்கே ஒன்றுமில்லை. மூன்று முறை அள்ளிப் பார்த்தேன். ராணியக்காவும் குனிந்து என் கையை முகர்ந்தார். “சேறுதாம்மா. சேத்துல இன்னா கீது” என்றார்.

கால் கிலோ இறால் நாற்பது ரூபாய். அங்கேயே ஓர் ஓலைக் கொட்டகை நிழலில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு மட்டும் போட்டு ராணியக்கா வறுத்துக் கொடுத்தார். வாங்கும்போது ஒவ்வொன்றையும் அண்ணியை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அவர் சரி என்றதைத்தான் தின்றேன். ஓடு மொறுமொறுப்பாக, சதை இனிப்பாக இருந்தது. பார்மாவில் இந்த மாதிரி இறால் ஒரு தட்டுக்கு என் ஒரு வாரச் செலவு ஆகும்.

அண்ணி முதலில் வேண்டாம் என்றார். பிறகு ஒன்று எடுத்தார். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் ராணியக்காவோடு தாய்வீட்டுக் கதை பேசிக்கொண்டு, நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். முந்தானை மடியில் கிடந்தது.

“அண்ணி, நாறலையா?”

கையில் இறாலோடு நிமிர்ந்தார். மூச்சை இழுத்தார். “காத்து மாறிருச்சு போல” என்றார்.

இருவரும் அக்கரையைப் பார்த்தோம். புகை இன்னும் எங்கள் பக்கமே சாய்ந்திருந்தது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ, ஆளுக்கு நான்கு ரூபாய். வழியில் ஏறிய ஒரு நாமக்கல் லாரி கிளீனர் ஈரத்துண்டை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார். “எப்பிடிங்க்கா இங்க குடியிருக்கறீங்க?” என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்த்தார். எர்ணாவூர் வரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு முன் மெதுவாகக் கேட்டார்: “நீ இத்தாலிக்குப் போயி எத்தன மாசமாச்சு?”

“பதினொண்ணு.”

“அம்புட்டு மாசம் வெளிய இருந்துமா ஒனக்குத் திரும்பி வரல?”

வீட்டில் அம்மா இல்லை. அண்ணி நேராகச் சமையலறைக்குப் போனார். ஜன்னலையும் கொல்லைக் கதவையும் திறந்துவைத்தார். “கேஸும் இதே நாத்தந்தான மலரு? நான் கண்ண மூடிக்கிறேன். நீ பத்த வைக்காம லேசா திருகு. வந்ததும் சொல்றேன்.”

அடுப்பருகே குனிந்து, கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தேர்வு எழுதப் போகிற பிள்ளை மாதிரி இருந்தது. நான் திருகினேன். மெல்லிய சீறல்கூடக் கேட்காத அளவுக்கு, பிறகு இன்னும் கொஞ்சம். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“திறத்தா, ஏன் நிக்கிற?” என்றார் அண்ணி.

“திறந்துதான் இருக்கு, அண்ணி.”

மூடினேன். இருவரும் கொல்லையில் போய் நின்றோம். அன்று இரவு அண்ணன் வந்ததும் அண்ணி சொன்னது ஒன்றுதான், தாய்வீட்டுக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லி. அண்ணன் சண்டையா என்று கேட்டார். இல்லை, மூக்கு என்றார் அண்ணி. அண்ணன் சிரிக்கவில்லை.

செப்டம்பரில் ரெனாட்டாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சொன்னபடியே ரொட்டி அடுப்பில் நிற்கிறேன். மாவு புளிக்கும் வாசனை நன்றாகவே தெரிகிறது. மீன் மேசையைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடக்கிறேன். தேனியிலிருந்து அண்ணி தன் மூக்கைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை பேசுகிறோம். நான் கேட்பதில்லை.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்கு: காலையில் நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள், இறால் தடவுவதைப் பார்க்கலாம். குடிதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காத்திவாக்கத்துக்கு மின்சார ரயிலும் உண்டு. லாரி நெரிசல் பிடிக்காதவர்கள் அதில் போகலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வந்த முதல் நாளே போய்விடுங்கள், தங்கிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். திருவொற்றியூர் தாண்டி நாறினால், மரியாதைக்காகப் பேசாமல் இருக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். அவர் உங்களைக் கேலி செய்வார். அப்படியும் சொல்லுங்கள். அந்தத் தெருவில் அதைச் சொல்ல இப்போது வேறு யாரும் இல்லை.